நாலாம் குழி

புதன்கிழமை காலை ஏழரைக்கே யூஜினா அலுமாரியின் மேல்தட்டிலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கித் துடைத்து, அதற்குள் ஒரு வெள்ளைத் துணியை மடித்து விரித்தாள். துணி புதிது. வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தது. ஏன், கொட்டாஞ்சேனையில் துணிக்குப் பஞ்சமா என்று கேட்பீர்கள். இங்கே கடைக்காரன் தெரிந்தவன், எதற்கு என்று கேட்பான். நாற்பத்தெட்டு வருசத்துக்கு முந்திய என் பிள்ளையின் எலும்பைச் சுற்றி எடுக்க என்று அவனிடம் சொல்ல முடியுமா?

யூஜினா குடியிருக்கும் ஒடுக்கமான ஒழுங்கைக்குப் புதிய கழிவுநீர்க் குழாய் வரப்போகிறது. அரை மணித்தியாலம் மழை பெய்தால் கக்கூசுத் தண்ணீர் குசினி வாசல்வரைக்கும் வந்து எட்டிப்பார்க்கிற ஒழுங்கை அது. குழாய் வருகிறது என்றதும் எல்லோருக்கும் சந்தோசம்தான். ஆனால் குழாய் போடமுன்னம் மண்ணுக்குள் பழங்காலத்துச் சங்கதி ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துவிட வேண்டுமாம், சட்டமாம். அதற்காகத் திங்கட்கிழமை ஒரு வான் வந்து நின்றது. அதிலிருந்து அஸ்கா என்று ஒரு பெண் இறங்கினாள். முப்பத்தைந்து வயதிருக்கும், தலையில் சாம்பல் நிற முக்காடு, காலில் ஆம்பிளைச் சப்பாத்து. அவள்தான் ஆய்வுக்குப் பொறுப்பு. மண் வெட்ட இருளப்பன் என்று ஒரு மலைநாட்டு மனிதர். ஒழுங்கையின் ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் கத்தோலிக்கக் கோயிலுக்குச் சொந்தமான, பிணம் அடக்குகிற பழைய சேமக்காலையின் மதில். மதிலோரமாகத்தான் குழாய் போகப்போகிறது. அந்த ஓரத்தில் ஆறு குழிகள் வெட்டிப் பார்ப்பதாகத் திட்டம்.

அந்த மதிலோரம் யூஜினாவுக்கு என்ன என்று ஒழுங்கையில் பலருக்குத் தெரியாது. வருசா வருசம் நவம்பர் இரண்டாம் தேதி, ஆத்துமாக்கள் திருநாளில், சனமெல்லாம் சேமக்காலைக்கு உள்ளே போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும்போது, யூஜினாவும் அவள் புருசன் சிறிலும் மட்டும் மதிலுக்கு வெளியே, மூன்றாவது தூணடியில் ஒரு திரி கொளுத்திவிட்டு வருவார்கள். பார்த்தவர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எழுபத்தாறாம் ஆண்டு. யூஜினாவுக்கு இருபத்துமூன்று வயது, வயிற்றில் எட்டு மாதப் பிள்ளை. வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு மூன்று நாள் ஒன்றும் நினைவில்லை. மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தபோது கட்டிலடியில் சிறில் நின்றார். நகக்கண்ணெல்லாம் மண். பெண்பிள்ளை என்றார். செத்துத்தான் பிறந்தது என்றார். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையைச் சேமக்காலைக்குள் அடக்கக்கூடாது என்று கோயிலில் சொல்லிவிட்டார்கள், ஆனபடியால் மதிலுக்கு வெளியே மூன்றாவது தூணடியில் தானே வெட்டிப் புதைத்துவிட்டதாகச் சொன்னார். அந்தக் கட்டுப்பாடெல்லாம் அப்போதே ரோமாபுரியில் தளர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டாள். தளர்ந்திருக்கலாம். கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்கு அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு பிள்ளை தங்கவே இல்லை. சிறில் துறைமுகத்தில் வேலை, வேலையை விட்டால் சாராயம். என்ன குடியப்பா அது. சம்பள நாளில் வீட்டுக்கு வரும் வழியையே மறந்துவிடுகிற குடி. இரண்டு தரம் கை நீட்டியும் இருக்கிறார். யூஜினாவின் தமக்கை புத்தளத்திலிருந்து வந்து, பெட்டியைக் கட்டடி, வந்துவிடு என்று அழுதுபார்த்தாள். யூஜினா மாட்டேன் என்றுவிட்டாள். "என்ட பிள்ளையைத் தனியாத் தூக்கிக்கொண்டு போய், தன்ட கையால குழி வெட்டி வைச்ச மனுசன் அக்கா. அந்தக் கை அடிச்சா அடிச்சிட்டுப் போகட்டும்" என்றாள். அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாவற்றையும் மன்னித்தாள். கடைசியில் ஈரல் பழுதாகிக் குடியை விட்டார், மூச்சிழுப்பு வந்து சேர்ந்தது. இப்போது எழுபத்தாறு வயதில் ஜன்னலோரக் கதிரையே அவருக்கு உலகம்.

வான் வந்து நின்ற அன்றே சிறிலுக்கு முகம் செத்துப்போயிற்று.

"ஏன் இவங்கள் இஞ்ச வந்து கிண்டுறாங்கள்" என்றார்.

"குழாய்க்கு. நல்லதுக்குத்தானே" என்றாள் யூஜினா. பிறகு கதிரைக்குப் பக்கத்தில் குந்தி, தன் யோசனையைச் சொன்னாள். குழாய் போட்டால் மெசின் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். அதற்கு முன்னம் பிள்ளையை எடுத்துவிடவேண்டும். கோயிலின் புதுச் சுவாமியிடம் கேட்டாயிற்று. இப்போது அந்தக் கட்டுப்பாடு ஒன்றும் இல்லை, உங்கள் குடும்பக் கல்லறையிலேயே வைக்கலாம் அம்மா, நானே வந்து மந்திரிக்கிறேன் என்று சொல்லிக் கடிதமும் தந்துவிட்டார்.

"உள்ளுக்கு வைக்கலாம் சிறில். மதிலுக்கு உள்ளுக்கு."

சிறில் ஜன்னலுக்கு வெளியே மதிலைப் பார்த்தார். "எலும்பெல்லாம் இவ்வளவு காலத்துக்குக் கரைஞ்சு போயிருக்கும் யூஜி. விடு" என்றார். அன்று மத்தியானம் சோற்றில் கை வைக்கவில்லை. பாவம், பழைய காயம், அவருக்கும் வலிக்கும்தானே என்று யூஜினா நினைத்துக்கொண்டாள். இரவு அவருடைய நெஞ்சுக்குத் தைலம் கூடுதலாகப் போட்டுத் தேய்த்துவிட்டாள்.

முதல் இரண்டு நாளும் யூஜினா குழியடியில்தான். பாலில்லாத பிளேன்டி ஊற்றிக் கொண்டுபோவாள், கோப்பையை எடுக்கும் சாட்டில் நிற்பாள். இருளப்பன் மண்வெட்டியால் மளமளவென்று வெட்டிக் கொட்டுவார் என்று எதிர்பார்த்தால், மனிதர் குழிக்குள் முழங்காலில் நின்று, கேக்குக்கு ஐசிங் வழிக்கிறவரைப்போலச் சின்னக் கரண்டியால் படை படையாக மண்ணை வழித்துக்கொண்டிருந்தார். வழித்த மண் சலிக்கிற அரிதட்டுக்குப் போகும். நீலப்பூப் போட்ட கோப்பைத் துண்டுகள், துருப்பிடித்த ஆணி, ஒல்லாந்தர் காலத்துச் செங்கல் என்று ஏதேதோ வந்தது. அஸ்கா ஒவ்வொன்றையும் பைக்குள் போட்டு எழுதிக்கொண்டாள்.

இரண்டாவது குழியில்தான் யூஜினா அதைக் கவனித்தாள். குழியின் சுவரில், ஒரு அடி ஆழத்தில், மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு.

"அது மதில் கட்டக்குள்ள சிந்தின சுண்ணாம்பு ஆன்டி" என்றாள் அஸ்கா. "நூத்தி இருபது வருசம் ஈக்கும். கீழ விழுந்து அப்பிடியே படிஞ்சிட்டு. மேல பிறகு மண் கூடிட்டு."

"இந்த மூலையில மட்டும் கோடு அறுந்து கிடக்குதே?"

அஸ்காவுக்குச் சந்தோசமாகிவிட்டது. இப்படிக் கேட்கிற ஆளை அவள் ஒழுங்கைகளில் கண்டதில்லைப்போலும். "அங்க பிறகு யாரோ வெட்டி ஈக்காங்க. ஒரு மரக்குத்தி நட்டிருப்பாங்க. பாருங்க, அந்த இடம் மட்டும் மண் கருப்பு, கலங்கி ஈக்கி. மரம் உக்கிப் போச்சு, ஒண்டும் மிச்சமில்ல. ஆனா குழி போகாது ஆன்டி. ஒருக்கா வெட்டின மண் திரும்ப முந்தின மாதிரிப் படியவே படியாது. உள்ளுக்கு வெச்சது கரையும், குழி கரையாது."

யூஜினா குனிந்து அந்த மூலையையே பார்த்தாள். எலும்பு கரைந்திருந்தால் என்ன, அந்தக் குழி இருக்கும். சிறில் வெட்டிய குழி. அந்தக் கறுப்பு மண்ணில் ஒரு கைப்பிடி கிடைத்தாலும் போதும், அதைத் துணியில் சுற்றிக் கல்லறைக்குள் வைக்கலாம். அன்று பின்னேரம் அஸ்கா வானில் ஏறப்போகும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். வயிற்றுக்குள் இருக்கும்போதே டோரின் என்று பெயர் வைத்ததையும், அந்தப் பெயரை வாய்விட்டு ஒருவரிடமும் சொல்லாததையும்கூடச் சொன்னாள்.

அஸ்கா வான் கதவைச் சாத்திவிட்டு மதிலில் சாய்ந்து நின்றாள். "நாலாம் குழி அந்தத் தூணுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் வருது. பத்தடி நகத்தினா ஒண்டும் குறையாது, நகத்துறேன். ஆனா ஆன்டி, மனுச எலும்பு வந்தா என்னால உங்கட கையில தர ஏலா. நூறு வருசத்துக்கு உள்ளுக்கெண்டா அது எங்கட சாமானில்ல. பொலிசுக்குச் சொல்லணும், நீதவான் கோட்டுக்குப் போகணும்."

"போகட்டும். எத்தினை கோட்டுக்கும் நான் வாறன். கடைசியில மதிலுக்கு உள்ளுக்கு வந்தாச் சரி."

"நானும் வாறேன்" என்றாள் அஸ்கா.

அதனால்தான் புதன்கிழமை காலை பிஸ்கட் டின்.

"வாறீங்களோ? மெல்லமாப் பிடிச்சுக்கொண்டு போறன்" என்று யூஜினா கேட்டாள். சிறில் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அவருடைய கை கதிரைக் கையை இறுகப் பிடித்திருந்தது. "போகாதை யூஜி" என்றார். யூஜினா அவருடைய தலையைத் தடவிவிட்டு, நீங்கள் இருங்கோ, நீங்கள் செய்தது போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாவது தூணடியில் கயிறு கட்டிச் சதுரம் போட்டிருந்தது. இருளப்பன் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் குழிக்குள் இறங்கினார். அஸ்கா அவரிடம் சொல்லியிருக்கிறாள் என்று யூஜினாவுக்கு விளங்கிற்று. மேல் தார்த்துண்டுகளை அலவாங்கால் பெயர்த்தெடுத்தபிறகு மனிதர் மண்வெட்டியைத் தொடவே இல்லை, கரண்டிதான், அதையும் ஊதி ஊதித்தான். ஒரு மணித்தியாலம் போயிற்று. யூஜினா மடியில் டின்னை வைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். வாய் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது, எத்தனையாவது மணி என்று கணக்கில்லை.

ஒரு அடி ஆழத்தில் வெள்ளைக் கோடு வந்தது. கோடு என்று சொல்லக்கூடாது. மேல் மண்ணை முழுக்க வழித்தபோது, குழியின் அடி முழுவதும் சுண்ணாம்பு பாலாடைபோலப் படிந்து கிடந்தது. ஒரு கீறல் இல்லை.

இருளப்பன் நிமிர்ந்து அஸ்காவைப் பார்த்தார். அஸ்கா யூஜினாவைப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் அகலமா வெட்டுங்க" என்றாள்.

வலப்பக்கம் ஒரு மீட்டர் அகட்டினார்கள். அங்கேயும் அதே வெள்ளை. இடப்பக்கமும் ஒரு மீட்டர், அதே வெள்ளை. அஸ்கா ஒரு மூலையில் சுண்ணாம்பை உடைத்துக் கீழே இறங்கச் சொன்னாள். கீழே கபுக் மண், செங்கல் நிறத்தில், கல்லுப்போல இறுகி, ஒரு கலக்கமும் இல்லாமல் கிடந்தது. பதினொன்றரை மணி வெயில் நேரே குழிக்குள் விழுந்தது. யூஜினா எழும்பி வந்து கயிற்றடியில் நின்று பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த மண்ணு புளிப்பு மண்ணு ஆன்டி" என்றாள் அஸ்கா. குரல் வழக்கம்போல இல்லை. "பச்சப்புள்ளட எலும்பு இதில நிக்காது. பத்து வருசத்துலயே கரஞ்சிருக்கும்."

நல்ல மனசு அந்தப் பெண்ணுக்கு. படித்த படிப்புக்கெல்லாம் விரோதமாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். யூஜினாவும் அதை அப்படியே வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகத்தான் பார்த்தாள். திரும்பவும் குழியைப் பார்த்தாள்.

"குழி கரையாது எண்டு நீங்கள்தானே பிள்ளை சொன்னீங்கள்" என்றாள்.

அஸ்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தூண் மாறியிருக்குமோ? மற்றத் தூணோ?" என்று யூஜினா கேட்டாள். கேட்கும்போதே இல்லை என்று அவளுக்குத் தெரியும். நாற்பத்தெட்டு நவம்பர் அவரோடு வந்து நின்ற தூண். முதல் வருசம் அவர்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, இதுதான் என்று காட்டினார்.

இருளப்பன் குழிக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னார்: "நான் முப்பது வருசமா மண்ணு வெட்டுறேங்கம்மா. இந்த எடத்துல யாரும் கை வச்சதே இல்லீங்க."

யூஜினா டின்னை எடுத்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தாள். பத்து எட்டு வைக்கிற தூரம்தான், ஆனால் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கவேண்டியிருந்தது.

சிறில் ஜன்னலோரத்தில் இருந்தார். ஜன்னலைச் சாத்தியிருந்தார்.

"கிடைச்சதோ?"

"இல்லை."

"நான் சொன்னன்தானே. கரைஞ்சிருக்கும் எண்டு." அவருடைய குரலில் ஒரு ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலைக் கேட்டதும்தான் யூஜினா கதிரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"எங்க வைச்சீங்கள் பிள்ளையை?"

"என்ன கதைக்கிறாய் நீ."

"நிலத்துக்குள்ள சுண்ணாம்பு படிஞ்சு கிடக்குது. மதில் கட்டின காலத்துச் சுண்ணாம்பு. வெட்டியிருந்தா அது உடைஞ்சிருக்கும். ஒரு கீறல் இல்லை சிறில். என்ட கண்ணால பாத்தன். எங்க என்ட பிள்ளை?"

சிறிலுக்கு இழுப்புத் தொடங்கியது. மற்ற நாளென்றால் அவள் ஓடிப்போய் இன்ஹேலரை எடுத்துக் கொடுத்திருப்பாள். அன்றும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு எதிரே ஸ்டூலைப் போட்டு இருந்துகொண்டாள். இரண்டு தரம் இழுத்தபிறகு அவருக்குப் பேச்சு வந்தது.

"ஆஸ்பத்திரியில ஒரு கடதாசியை நீட்டினாங்கள். கொண்டுபோறதெண்டாக் கொண்டுபோ, இல்லாட்டிக் கையெழுத்து வைச்சிட்டுப் போ, நாங்கள் பாத்துக்கொள்ளுறம் எண்டு சொன்னாங்கள். நான் கோயிலுக்குப் போய்க் கேட்டுட்டு வாறன் எண்டு வந்தன். உள்ளுக்கு ஏலாது எண்டுட்டாங்கள். அந்த மதிலடியில போய்க் குந்தினன். வெட்டுவம், வெட்டிப்போட்டுப் போய்ப் பிள்ளையை எடுத்துக்கொண்டு வருவம் எண்டு நினைச்சன். கையால கிளறினன். மண் கல்லு மாதிரி. நாலு விரல் ஆழம் போகேல்லை. நீயும் சாகப்போறாய் எண்டு டொக்டர் சொல்லிட்டார். எனக்கு ஒரு மண்ணும் விளங்கேல்லை யூஜி. திரும்பிப் போனன். கையெழுத்து வைச்சிட்டன்."

"பிறகு?"

"பிறகு நீ கண் முழிச்சாய். எங்க பிள்ளை எண்டு கேட்டாய். கையில மண் இருந்தது. நீ அந்த மண்ணைப் பாத்தாய்." சிறில் தன் கையையே பார்த்தார். "நீ பாத்த பார்வையில எனக்கு அப்பிடித்தான் சொல்ல வந்தது. பிறகு சொல்லுவம், அடுத்த வருசம் சொல்லுவம் எண்டு இருந்தன். நீ என்னைக் கும்பிடுற மாதிரிப் பாப்பாய். எப்பிடிச் சொல்ல. அதுக்குத்தான் குடிச்சன்."

யூஜினா அழவில்லை. புத்தளத்துத் தமக்கையை நினைத்தாள், அவள் செத்துப் பன்னிரண்டு வருசம். முதுகில் விழுந்த இரண்டு அடியையும் நினைத்தாள். இவ்வளவு காலமும் வலிக்காத அடி இப்போதுதான் வலித்தது. ஆனால் அதையெல்லாம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, வேறொன்றுதான் வந்தது.

"தலை நிறைய முடி எண்டு சொன்னீங்களே."

சிறில் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"விரல் நீட்டு நீட்டா இருந்தது, உன்ட விரல் மாதிரி எண்டு சொன்னீங்கள். முகத்தில, நாடியில ஒரு குழி எண்டு சொன்னீங்கள். நான் அதை வைச்சுத்தானே... நான் பாக்கேல்லை. நீங்கள் பாத்துச் சொன்னதுதான் எனக்கு அவள்."

"துணியால பொதி மாதிரிச் சுத்தி மேசையில வைச்சிருந்தாங்கள். அவிழ்த்துப் பாக்கச் சொன்னாங்கள்." அந்தப் பெரிய உடம்பு குலுங்கத் தொடங்கியது. "பாக்கேல்லை யூஜி. எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. நான் பாக்கேல்லை."

வெளியே இருளப்பன் மண்ணைத் தள்ளிக் குழியை மூடத் தொடங்கியிருந்தார். சத்தம் சாத்திய ஜன்னலூடாகவும் கேட்டது.

யூஜினா ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து அவருடைய முகத்துக்கு நேரே இருந்தாள். சின்னக் குரலில், கடைக்காரனிடம் விலை கேட்பதுபோல நிதானமாகக் கேட்டாள்:

"பெட்டைப்பிள்ளை எண்டதாவது ஆரும் சொன்னதோ? இல்லாட்டி அதுவும் நீங்களாச் சொன்னதோ?"

யூஜினா பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிறில் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.